டெரோசன் போன நாளில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

எக்ளின்ரன் கிழக்கு

வீட்டில் மறுபடியும் அதே சண்டை. தம்பி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் சாப்பாட்டுக் கோப்பையோடு அம்மா. எங்கள் டொரொன்டோ ராப்டர்ஸ் கூடைப்பந்து அணியில் இருக்கிற ஆட்களை நம்பி இன்னும் இரண்டு வருடம் பார்ப்பதா, இல்லை கலைத்துப்போட்டு அடியிலிருந்து கட்டுவதா என்பதுதான் விஷயம். ராப்டர்ஸ் பார்த்து வளர்ந்த எல்லா வீட்டிலும் இது வருடத்துக்கு ஒருமுறை வரும் என்று நினைக்கிறேன். எண்கணக்கு வேண்டாம், அது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. உங்கள் புனைபெயரை மேலே போட்டு, நீங்கள் நேரில் பார்த்ததை, பட்டதை எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

2018 ஜூலை 18, புதன்கிழமை. காலை வேலைக்குப் போக மார்க்கம் ரோட்டில் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். இரவே புகைந்துகொண்டிருந்த செய்தி காலையில் உறுதியாகிவிட்டது. நம் நட்சத்திரம் டெரோசனும், பெர்டிலும், ஒரு முதல் சுற்று டிராஃப்ட் உரிமையும் (புது ஆட்டக்காரரை முறைவைத்து எடுக்கும் உரிமை) சான் அன்ரோனியோ அணிக்கு, அங்கிருந்து லெனார்டும் டேனி கிரீனும் நமக்கு. எனக்கு முன்னால் நின்ற, முன்பின் தெரியாத ஒரு ஆள் திரும்பி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவ்வளவுதான், ஒரு வார்த்தை இல்லை. அவரும் அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காலை வலித்ததற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஊர் யாரும் தங்காத ஊர் என்று பெயர் எடுத்திருந்தது. வின்ஸ் கார்ட்டர் 2004இல் போனார், பாஷ் 2010இல் போனார். டெரோசன் மட்டும் 2016இல் வேறு எந்த அணியோடும் உட்கார்ந்து பேசாமலே ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். 2009 டிராஃப்டில் 9ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர், ஒன்பது வருடம் இங்கேயே ஆடியவர், அவரைத்தான் அனுப்பினார்கள். தம்பி அவருடைய 10ஆம் இலக்க ஜெர்சியைக் கழற்றாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அன்று மத்தியானம் சாப்பிட வரவில்லை. அப்போது அவனுக்குப் பதினான்கு வயது.

ஆனால் மறுபக்கமும் உண்மைதானே. 2016, 2017, 2018 என்று மூன்று வருடம் தொடர்ந்து ப்ளேஆஃபில் (சீசன் முடிந்து வரும் கிண்ணச் சுற்றுகளில்) கிளீவ்லாண்டிடம் தோற்றோம். கடைசி இரண்டு தடவையும் நாலுக்குப் பூச்சியம். 2017-18 சீசனில் 59 ஆட்டம் வென்று கிழக்குப் பிரிவில் முதலிடம் வந்தோம், அப்படியிருந்தும் கிளீவ்லாண்டின் லெப்ரோனைக் கண்டதும் கால் நடுங்கியது. மேயில் பயிற்சியாளர் கேசியை நீக்கினார்கள், ஜூனில் அவருக்கே அந்த வருடத்தின் சிறந்த பயிற்சியாளர் விருது கிடைத்தது. எவ்வளவு நல்ல அணி, எப்படி ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டது என்பதற்கு இதைவிட வேறு என்ன சொல்ல.

ஊதா ஜெர்சி

நீங்கள் 2018இலிருந்து தொடங்கியதால் கதையின் பாதி போய்விட்டது தம்பி. நான் டைனோசர் படம் போட்ட அந்த ஊதா ஜெர்சிக் காலத்து ஆள். நீங்கள் சொல்லும் டெரோசனின் அணியே ஒரு ரீபில்ட், அதாவது கலைத்துக் கட்டுவது, தப்பிப்போனதால்தான் உருவானது, அதை எழுதவேண்டும் என்றுதான் வந்தேன்.

2013 டிசம்பர். உஜிரி அணியின் பொது மேலாளராகப் பொறுப்புக்கு வந்து சில மாதம்தான். ரூடி கேயைச் சக்ரமென்டோவுக்கு அனுப்பிவிட்டு வஸ்கெஸ், பாட்டர்சன், சால்மன்ஸ், ஹேய்ஸ் என்று நாலு பேரை எடுத்தார். எல்லோருக்கும் விளங்கிவிட்டது, இந்த வருடம் வேண்டுமென்றே தோற்கப் போகிறார்கள் என்று. அடுத்த டிராஃப்டில் நம்மூர்ப் பெடியன் விகின்ஸ் வரப்போகிறான், தோற்கிற அணிக்குத்தான் முன்னால் எடுக்க வாய்ப்பு, அவனை எடுக்கலாம் என்று நாங்கள் எல்லோரும் கனவு கண்டோம். லௌரியைக்கூட நியூயார்க்குக்குக் கொடுக்கப் பேச்சு நடந்து கடைசி நேரத்தில்தான் நின்றது.

நானும் ஒரு நண்பனும் அந்தக் குளிர்காலத்தில் மலிவு டிக்கெட் எடுத்து மேல்தட்டில் போய் உட்காருவோம். தோல்வியைப் பார்க்கத்தான் போனோம், உண்மையாகவே. ஆனால் பந்து கை மாறிக் கை மாறிப் போகத் தொடங்கியது. ஒரு ஆளிடம் தேங்கி நின்ற பந்து ஐந்து பேருக்கும் போனது. வஸ்கெஸ் வந்தால் கூட்டம் எழும்பும், பாட்டர்சன் தூரத்திலிருந்து போட்டால் விழும். ஜனவரியில் பக்கத்தில் இருந்த ஒரு வயதானவர் என்னிடம் கேட்டார், இவர்கள் தோற்கவேண்டும் என்று யாரும் இவர்களுக்குச் சொல்லவில்லையா என்று. அந்த வருடம் 48 ஆட்டம் வென்றார்கள். ப்ளேஆஃபில் புரூக்ளினோடு ஏழாவது ஆட்டம், 104-103, கடைசி நொடியில் லௌரி எறிந்ததைப் பால் பியர்ஸ் தடுத்தார். தோற்று வெளியே வந்தோம், ஆனால் யாரும் விகின்ஸ் பெயரைச் சொல்லவில்லை.

அதனால்தான் கலைத்துக் கட்டுவோம் என்று யாராவது சுலபமாகச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். முதல் இடத்தில் எடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? 2006இல் முதல் ஆளாக பார்ன்யானியை எடுத்தது நாம்தான். ஏழு வருடம் காத்திருந்தோம், வாசலில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருப்பது மாதிரி, பஸ் வரவே இல்லை. லௌரி ஹியூஸ்டனிலிருந்து 2012இல் வந்தவர், அப்போது அவரை யாரும் பெரிதாக எண்ணவில்லை. எந்த ஐந்து பேர் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க முடியாது. சேர்ந்துவிட்டால் அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவேண்டும், அது அடிக்கடி வராது.

நைட் ஷிஃப்ட்

அண்ணா சொன்னது சரி, ஆனால் நான் 2019 பக்கம்.

அந்த வருடம் பெப்ரவரி 22, டெரோசன் சான் அன்ரோனியோ ஆளாகத் திரும்பி வந்த இரவு. வேலையில் லீவு போட்டுவிட்டுப் போனேன், நைட் ஷிஃப்டில் லீவு எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்கிறவர்களுக்குத் தெரியும். அறிமுகம் செய்யும்போது முழு அரங்கமும் எழுந்து நின்றது. பக்கத்தில் ஒரு பெரிய ஆள், தாடி வைத்த ஆள், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஆட்டம் கடைசி நிமிடம் வரைக்கும் இழுபறி. பந்து டெரோசன் கையில். லெனார்ட் வந்து அந்தப் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிப்போய் டங்க் பண்ணினார். வென்றோம். கத்தினேன், கத்திக்கொண்டிருக்கும்போதே தொண்டை அடைத்தது. நாம் கொடுத்தவரின் கையிலிருந்து நாம் வாங்கியவர் பறிக்கிறார். எதற்காக அந்த ட்ரேடைச் செய்தார்கள் என்று அந்த நொடியில் எனக்கு முழுக்க விளங்கியது, விளங்கியது பிடிக்கவும் இல்லை.

மே மாதம் பிலடெல்பியாவோடு ஏழாவது ஆட்டத்தில் லெனார்ட் எறிந்த அந்தப் பந்து வளையத்தில் நாலு தடவை துள்ளி விழுந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். ஜூன் 13 ஓக்லாண்டில் 114-110, கிண்ணம் நமக்கு. ஜூன் 17 ஊர்வலத்துக்கு ஷிஃப்ட் முடித்து நேராக கென்னடி ஸ்டேஷனுக்குப் போனேன், ரயிலுக்குள் நுழையவே முடியவில்லை. எனக்கு முன்னால் ஒரு அம்மம்மா, சேலைக்கு மேலே ராப்டர்ஸ் டிஷர்ட், பேரன்கள் அவரைச் சுற்றி அரண் கட்டி நின்றார்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். அந்த வருடம் அணியைக் கலைத்தார்கள் என்று சொல்வது தவறு. ஒரு தூணை மாற்றினார்கள், வீட்டை இடிக்கவில்லை. லௌரி இருந்தார். சியாகம் 27ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர், வான்வ்லீட்டை டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை, இருவரும் மிசிசாகாவில் ராப்டர்ஸின் துணை அணியான 905இல் ஆடி வளர்ந்தவர்கள். இவர்களைப் பொறுமையாக வளர்த்து வைத்திருந்ததால்தான் லெனார்ட் வந்த ஒரே வருடத்தில் அது நடந்தது. பெப்ரவரியில் வலன்சியூனாஸைக் கொடுத்து மார்க் காசோல் என்ற ஆட்டக்காரரை எடுத்தபோதும் அதே மாதிரித்தான். வெறும் தரையில் ஒரு பெரிய நட்சத்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. ஜூலையில் லெனார்ட் கிளிப்பர்ஸுக்குப் போனார். ஆனாலும் அடுத்த சீசனில் நம்மவர்கள் 72இல் 53 வென்றார்கள், அவர் இல்லாமல்.

மிசிசாகா அம்மா

நான் வழக்கமாக எழுதுவதில்லை, வாசித்துவிட்டுப் போய்விடுவேன். இதற்கு எழுதவேண்டும்போல இருந்தது.

2023 ஏப்ரல் 12. மகளுக்குப் பிறந்தநாள் பரிசாக அந்த ப்ளே-இன் ஆட்டத்துக்கு (ப்ளேஆஃபுக்குள் நுழைவதற்கான ஆட்டம்) டிக்கெட் எடுத்திருந்தேன். எதிரணி சிகாகோ, அதில் டெரோசன். மகள் வான்வ்லீட்டின் 23ஆம் இலக்க ஜெர்சி போட்டிருந்தாள். மூன்றாவது காற்பகுதியில் 19 புள்ளி முன்னால் இருந்தோம். அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள், நான் காதால் கேட்டேன். நம்மவர்கள் ஃப்ரீ த்ரோ எறியும் ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னப்பிள்ளையின் கீச்சென்ற கத்தல். டெரோசனின் மகள். 36 எறிந்து 18ஐத் தவறவிட்டார்கள். என் மகள் முதலில் சிரித்தாள், பிறகு காதைப் பொத்தினாள், கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பிள்ளை தன் அப்பாவுக்காகத்தானே கத்துகிறாள், பாவம் இல்லையா என்று கேட்டாள். 109-105, சீசன் முடிந்தது.

எனக்குப் பந்தாட்டத்தின் நுணுக்கம் பெரிதாகத் தெரியாது. ஆனால் வீட்டுச் செலவு பார்க்கிறவளுக்கு ஒன்று தெரியும், விற்கிற பொருளை விலை இருக்கும்போது விற்கவேண்டும், வைத்திருக்கிற பொருளை மனதார வைத்திருக்கவேண்டும். அந்த வருடம் இரண்டும் செய்யவில்லை. பெப்ரவரியில் எல்லோரும் இவரைக் கொடுப்பார்கள் அவரைக் கொடுப்பார்கள் என்று கதைத்தார்கள். கடைசியில் பெயர் அடிபட்ட யாரையும் கொடுக்காமல், ஒரு முதல் சுற்று உரிமையைக் கொடுத்து பெர்டிலைத் திரும்ப வாங்கினார்கள். கோடையில் வான்வ்லீட் ஹியூஸ்டனுக்குப் போனார். நமக்குப் பதிலுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, ஒரு ஆள்கூட இல்லை. மகள் அந்த ஜெர்சியை மடித்து அலுமாரியின் அடியில் வைத்துவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்த எனக்கு வார்த்தை இருக்கவில்லை. டெரோசன் போனபோது பதிலுக்கு ஒரு கிண்ணமாவது வந்தது.

மால்வேர்ன் ஜிம்

பெரிய அணிகளைப் பற்றிக் கதைக்கிறீர்கள், நான் பதினாறு வயதுக்குட்பட்ட பெடியன்களுக்குச் சனி, ஞாயிறில் பயிற்சி கொடுக்கிறேன். ஐந்து பேர் ஒன்பது வயதிலிருந்து ஒன்றாக ஆடினார்கள். மூன்று வருடம் தொடர்ந்து அரையிறுதியில் ஒரே மாதிரித் தோற்றோம், கடைசி ஐந்து நிமிடத்தில் ஓட்டம் நின்றுவிடும். நாலாவது வருடம் உயரமான இரண்டு பேரை வெளியிலிருந்து கொண்டுவந்து பழைய இரண்டு பேரை வெளியே உட்காரவைத்தேன்.

அந்த வருடம் இறுதிப்போட்டிக்குப் போனோம். ஆனால் உட்காரவைத்ததில் ஒருவன் பயிற்சிக்கு வருவதையே நிறுத்திவிட்டான். அவன் வீட்டுக்குப் போனேன், அவனுடைய அப்பா தேத்தண்ணி தந்தார், மரியாதையாகக் கதைத்தார், பெடியன் மேலேயிருந்து இறங்கி வரவில்லை. அரை மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தேன். பணத்துக்கு ஆடுகிறவர்களுக்கு ட்ரேட் என்பது தொழிலின் ஒரு பகுதி, டெரோசனுக்கே அது அவ்வளவு வலித்தது, தன்னிடம் வேறு மாதிரிச் சொல்லியிருந்தார்கள் என்று வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். பதினாறு வயதுப் பெடியனிடம் நான் ஒன்றுமே முன்கூட்டிச் சொல்லவில்லை. மாற்றியது பிழை என்று நான் நினைக்கவில்லை. சொல்லாமல் மாற்றியதுதான் பிழை.

எக்ளின்ரன் கிழக்கு

எல்லாவற்றையும் தம்பிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். மிசிசாகா அம்மா எழுதியதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னான்.

நான் இதுவரை கலைப்பவர்கள் பக்கம் நின்று கதைத்துக்கொண்டிருந்தேன், இப்போது அப்படிச் சொல்ல முடியவில்லை. 2023 டிசம்பர் கடைசியில் அனுனோபியை நியூயார்க்குக்குக் கொடுத்துப் பாரெட்டையும் குவிக்லியையும் எடுத்தார்கள், ஜனவரியில் சியாகம் இண்டியானாவுக்குப் போனார், மூன்று முதல் சுற்று உரிமைகள் வந்தன. அந்த சீசனில் 25 வெற்றி, அடுத்ததில் 30. தோற்றால் நல்ல ஆள் கிடைப்பான் என்பார்களே, 2019இல் விதியை மாற்றி, மிகவும் மோசமான மூன்று அணிக்கும் முதலிடத்துக்கு ஆளுக்கு 14 வீத வாய்ப்புத்தான் என்று வைத்தார்கள். 2025இல் 1.8 வீத வாய்ப்பு வைத்திருந்த டாலஸ் முதலிடத்தை அள்ளிக்கொண்டு போனது, நமக்கு வந்தது 9ஆவது இடம். அதே ஜூனில் சியாகம் இண்டியானாவோடு இறுதிச்சுற்றில் ஆடினார். நாங்கள் வீட்டில் உட்கார்ந்து அவருக்காகக் கைதட்டினோம், பழைய ஆள் ஆயிற்றே. கைதட்டிக்கொண்டே எனக்கு மனது கனத்தது, இவர் நம்மிடம் இருந்தபோது நாம் இவரைச் சுற்றிக் கட்டவும் இல்லை, விலை உச்சத்தில் இருந்தபோது விடவும் இல்லை, இழுத்துக்கொண்டே இருந்துவிட்டோம்.

என்னைக் கேட்டால் இப்போது நம் இளம் நட்சத்திரம் பார்ன்ஸைச் சுற்றி இருப்பவர்களுக்கு வடிவாக நேரம் கொடுக்கவேண்டும், இன்னொரு தடவை கலைத்தால் தம்பியின் வயதுப் பெடியன்கள் யாருடைய ஜெர்சியை வாங்குவது. ஊதா ஜெர்சி அண்ணா சொன்ன மாதிரி, பந்து கை மாறுகிறதா என்று பார்க்கிறேன். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. 2018இல் அழுதவன் இப்போது, சரியான ஆள் கிடைத்தால் யாரையும் கொடுக்கலாம் என்கிறான். கிண்ணத்தைப் பார்த்தவன் அவன், அப்படித்தான் சொல்வான்.

ஒரு திருத்தமும் சொல்லச் சொன்னான். அன்று அவன் சாப்பிடாதது மத்தியானம் மட்டும் இல்லையாம், இரவும்தானாம்.