உம்மன் சாண்டியை நேரில் பார்த்தவர்கள்: புதுப்பள்ளி முற்றத்திலிருந்து சில நினைவுகள்

கம்பத்து வியாபாரி:

நான் உம்மன் சாண்டியைப் பார்த்தது ஒரே முறை, 2012இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அப்போது கம்பத்திலிருந்து கோட்டயத்துக்குக் காய்கறி லோடு அனுப்பிக்கொண்டிருந்தேன். முந்தைய டிசம்பரில் முல்லைப் பெரியாறு சண்டையில் குமுளி வழி அடைபட்டு, ஒரு லோடு தக்காளி லாரியிலேயே அழுகிப்போயிருந்தது. புது அணை கட்டியே தீர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த கேரள முதலமைச்சரின் மேல் எனக்கு என்ன பிரியம் இருக்கும்?

சந்தையில் எனக்குச் சுமை இறக்கும் மலையாளி ஒருவருக்கு இதய அறுவைச் சிகிச்சை. நிவாரண நிதிக்கு மனு கொடுக்க, கோட்டயம் பக்கம் முதலமைச்சரின் சொந்த ஊரான புதுப்பள்ளி வரை துணைக்கு அழைத்தார். முதலமைச்சர் வீட்டுக்குள் நம்மை யார் விடுவார்கள் என்று எண்ணிக்கொண்டே போனேன். முற்றம் நிறையச் செருப்புகள். போலீஸ்காரர்கள் நின்றார்கள், யாரையும் தடுக்கவில்லை. கலைந்த தலையும் கசங்கிய வெள்ளைச் சட்டையுமாக நடுவில் அவர். ஒருவர் காதில் ஏதோ சொல்கிறார், இன்னொருவர் தோளிலேயே சாய்ந்து நிற்கிறார், அவரோ மூன்றாமவரின் மனுவைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் முறை வந்தது (முறை என்று ஒன்று இல்லை, பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள்). மனுவை வாங்கி, முன்னால் நின்றவரின் முதுகிலேயே வைத்து ஓரத்தில் ஏதோ கிறுக்கி உதவியாளரிடம் நீட்டினார். என் மலையாளத்தில் தமிழ் வாடை அடித்திருக்க வேண்டும், ஊர் எது என்று விசாரித்தார். கம்பம் என்றேன். ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். தக்காளிக் கணக்கு தொண்டை வரை வந்தது. அதற்குள் எங்கள் நடுவே இன்னொரு கை மனுவோடு நுழைந்துவிட்டது. இரண்டு மாதத்தில் சுமைக்காரருக்குப் பணம் வந்தது. என் தக்காளிக்குத்தான் கேட்க நாதியில்லை.

சித்தூர் ஓய்வூதியர்:

கம்பத்து அண்ணன் முற்றத்தில் நின்று பார்த்தார், நான் மேசைக்குப் பின்னாலிருந்து பார்த்தவன். பாலக்காடு மாவட்டத்தில் வருவாய்த் துறை எழுத்தராக இருந்தேன். 2011இல் மாவட்டம் மாவட்டமாக மக்களை நேரில் சந்தித்து மனு வாங்க அவர் நடத்திய ஜனசம்பர்க்கம் நிகழ்ச்சிக்காகப் பல நாட்கள் மனுக்களைப் பிரித்துப் பிரித்து எங்கள் இடுப்பு ஒடிந்தது. அதற்கு 2013இல் ஐ.நா.வின் பொதுச்சேவை விருது கிடைத்தது. எங்களுக்கு ஒரு டீ கூடக் கிடைக்கவில்லை.

காலையில் வந்தவர் நள்ளிரவு வரை நின்றார். மத்தியானம் இலை போட்டுக் காத்திருந்தோம், அந்தப் பக்கமே வரவில்லை. ஸ்ட்ரெச்சரில் கொண்டுவரப்பட்டவர்களிடம் அவரே இறங்கிப் போய்க் குனிந்து கேட்டார். கிராம அலுவலர் செய்ய வேண்டியதை முதலமைச்சர் செய்கிறார் என்று எதிர்க்கட்சியினர் கேலி பேசினார்கள். கேலியில் நியாயம் இருந்தது. ஆனால் கிராம அலுவலகத்தில் அந்தக் கோப்புகள் எத்தனை வருடம் தூங்கின என்பது எனக்குத் தெரியும். தூங்க வைத்தவர்களில் நானும் ஒருவன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தனக்கென்று கைப்பேசி வைத்துக்கொள்ளாதவர் அவர். உடன் இருப்பவர்களின் கைப்பேசியில்தான் பேசுவார். 2013இல், சூரிய மின்சாரத் திட்டம் என்று சொல்லிப் பலரிடம் பணம் பறித்த சோலார் மோசடி வெடித்தபோது, குற்றம் சாட்டப்பட்டவரின் அழைப்புகள் அந்தக் கைப்பேசிகளுக்குத்தான் வந்திருந்தன. யாரையும் தடுக்காத வாசலில் யாரும் நுழையலாம் அல்லவா? உதவியாளர்கள் பதவி இழந்தார்கள், அவர் பெயரும் வருடக்கணக்கில் இழுபட்டது.

சங்கனாசேரியிலிருந்து ஒரு செவிலி:

நான் அவரை உயிரோடு பார்த்ததில்லை. 2023 ஜூலை 18 அன்று பெங்களூரில் இறந்தார். 1970 முதல் ஒரே தொகுதி, 12 முறையும் வெற்றி. மறுநாள் காலை அவர் உடலோடு திருவனந்தபுரத்தில் புறப்பட்ட பஸ்ஸுக்காக இரவுப் பணி முடிந்தும் எம்.சி. சாலையோரம் குடையோடு நின்றேன். சாதாரணமாக நாலு மணி நேரப் பயணம், கோட்டயம் போய்ச் சேர ஒரு நாளுக்கு மேல் ஆனது. கண்ணாடிக்கு அப்பால் பூக்களைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

சில மாதம் கழித்துப் புதுப்பள்ளி தேவாலயத்துக்குப் போனேன். அவர் கல்லறை மேல் மெழுகுவர்த்திகள் உருகிக் கிடந்தன. பக்கத்தில் மடித்த காகிதங்கள். காற்றில் விரிந்திருந்த ஒன்றைப் படிக்கக் கூடாதுதான், படித்தேன். மகளின் நர்சிங் படிப்புக் கடனைப் பற்றி எழுதியிருந்தார்கள். கீழே வீட்டு முகவரி, பின்கோடு வரை.