வீட்டில் சுருட்டு சுற்றப் பழகுகிறேன்: அச்சு வாங்கலாமா, வெறுங்கை போதுமா?

காவிரிக்கரை:
என் தாத்தா உறையூரில் சுருட்டு சுற்றியவர். ஆடியில் எங்கள் கருப்பசாமிக்குப் படையல் போடும்போது அவர் கையால் சுற்றிய மூன்று சுருட்டு வாழையிலையில் இருக்கும். அவர் போனபிறகு கடையில் வாங்கி வைக்கிறோம், எனக்கு மனசு ஒப்பவில்லை. இலை வாங்கி வந்து இரண்டு மாதமாகப் பழகுகிறேன். இதுவரை 40 சுற்றியிருப்பேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பற்றவைத்தால் பாதியில் இழுவை நின்றுவிடுகிறது, இல்லையென்றால் ஒரு பக்கமாகவே எரிந்து போகிறது. 10 குழி உள்ள மர அச்சு ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கினால் சரியாகுமா?

மரஅச்சு:
தாராளமாக வாங்குங்கள். அச்சு என்றால் ஏதோ குறுக்கு வழி என்று பலர் நினைக்கிறார்கள். கியூபாவில் பெயர்பெற்ற ஆலைகளிலேயே உள்ளிலையைக் கட்டு இலையில் சுற்றி, அச்சில் வைத்து அழுத்தி, அப்புறம்தான் மேலிலை சுற்றுகிறார்கள். அரை மணி நேரம் அழுத்தி, ஒருமுறை திருப்பி வைத்து மறுபடி அழுத்துங்கள். திருப்பாவிட்டால் பக்கத்தில் வரம்பு மாதிரி கோடு விழும். பருமன் ஒரே சீராக வந்தால் எரிவதும் சீராகும். நான் மூன்று வருடம் கையாலேயே போராடிவிட்டு அச்சுக்கு மாறியவன். அந்த மூன்று வருடம் வீண் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

கொட்டில்வாசி:
தம்பி, அவசரப்பட்டு அச்சு வாங்காதேயும். நான் யாழ்ப்பாணம். அப்பா சுருட்டுக் கொட்டிலில் இருந்தவர், எனக்கும் பள்ளி விட்டால் அங்கேதான் வேலை. நீர் சொல்லும் இரண்டு குறையும் உள்ளே இருக்கிறது, வெளியே இல்லை. அச்சு வெளியைத்தான் திருத்தும். உள்ளே முறுகிக் கிடக்கும் இலையை அச்சில் வைத்து இறுக்கினால் இழுவை இன்னும் அடைக்கும்.

முதலில் பதம். இரவு இலைக்கு நீர் தெளித்து, பையில் போட்டுக் கட்டி வையும். காலையில் ஓர் இலையைக் கைக்குள் பொத்திப் பிடித்து விடும். நொறுங்காமல், ஒட்டிக்கொள்ளாமல், மெல்ல விரிய வேண்டும். அதுதான் பதம். பிறகு நடுநரம்பை நுனியில் பிடித்து அடிவரை உரித்து எடும். உள்ளிலைதானே என்று நரம்பை விட்டுவைக்கக் கூடாது.

அடுத்தது அடுக்கு. இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் புத்தகம் போல அடுக்கி மடித்தால் வேகமாக முடியும், காற்றுக்குத்தான் வழி இருக்காது. ஒவ்வோர் இலையையும் தனித்தனியே தளர்வான குழலாகச் சுருட்டி, அந்தக் குழல்களைச் சேர்த்துப் பிடியும். நுனிகள் எல்லாம் நெருப்பு வைக்கும் பக்கம் பார்க்கட்டும். தடித்த, மெல்ல எரியும் இலை நடுவில் வர வேண்டும். அது ஓரத்துக்குப் போனால் ஒரு பக்கமாகத்தான் எரியும். கட்டுவதற்கு முன் பெருவிரலால் நீளத்துக்கும் தடவிப் பாரும். கல் மாதிரி ஓர் இடமும் பள்ளம் மாதிரி ஓர் இடமும் தட்டுப்பட்டால் பிரித்து மறுபடி வையும்.

எங்கள் கொட்டிலில் ஒருவர் பேப்பரை உரக்க வாசிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள். ஹவானா ஆலைகளிலும் 1865 முதல் அந்த வழக்கம் உண்டு. காது வாசிப்பில் இருக்கும், கை தானாக இலையை அறியும். அந்தக் கை வந்தபிறகு அச்சு வாங்கும், நான் தடுக்கவில்லை.

மரஅச்சு:
அண்ணை சொன்ன அடுக்கு முறையை அப்படியே ஏற்கிறேன். ஆனால் கொட்டிலில் சிறுவயதிலிருந்து உட்கார்ந்தவர் கை வேறு. ஹவானாவில் தினமும் அதே வேலையாக இருப்பவருக்கே பயிற்சி ஒன்பது மாதம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மொட்டை மாடியில் உட்காருகிறவர் எத்தனை வருடம் பொறுப்பார்? பருமன் கவலையை அச்சிடம் விட்டுவிட்டால், அவர் முழுக் கவனத்தையும் நீங்கள் சொல்லும் அடுக்கில் வைக்கலாமே.

கொட்டில்வாசி:
கவனம் அப்படிப் போகாது என்பதுதான் என் பயம். அச்சு மூடியதும் எல்லாம் ஒரே மாதிரித் தெரியும், பிழை கண்ணுக்கு மறைந்துவிடும். 1870களில் அமெரிக்கச் சுருட்டுத் தொழிலாளர் சங்கம் அச்சை அவ்வளவு எதிர்த்ததே.

மரஅச்சு:
அது கூலிச் சண்டை அண்ணை. அச்சு வந்தால் பழகாத ஆளைக் குறைந்த கூலிக்கு வைக்கலாம் என்பதால் எதிர்த்தார்கள். சாமுவேல் கோம்பர்ஸ் போன்ற தொழிற்சங்கத் தலைவர்கள் அந்தத் தொழிலிலிருந்து வந்தவர்கள், தொழிலாளர்களின் கோபம் நியாயமானது. வீட்டில் மூன்று சுருட்டு சுற்றுபவருக்கு யார் கூலியைக் குறைக்கப் போகிறார்கள்?

பல்மருத்துவர்:
குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். நீங்கள் இருவரும் பேசுவது உணவுப் பண்டம் இல்லை. புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, அதனால் சுருட்டு பரவாயில்லை என்று என்னிடம் வருகிறவர்கள் சொல்கிறார்கள். சுருட்டுப் புகைக்குக் காரத்தன்மை அதிகம், நிக்கோட்டின் வாய்த்தோல் வழியாகவே உடலுக்குள் போய்விடும். ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் பக்கம் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் பெண்களுக்கு அண்ணத்தில் புற்று வருவது மருத்துவப் பாடமாகவே இருக்கிறது. இலையைக் கையாள்வதிலும் கவனம் வேண்டும். ஈரமான பச்சைப் புகையிலையைப் பறிப்பவர்களுக்குத் தோல் வழியாகவே நிக்கோட்டின் ஏறித் தலைசுற்றலும் வாந்தியும் வருகின்றன. நனைத்த இலையை அடுக்களை மேசையில் பரப்பி வைத்தால் வீட்டிலிருக்கும் குழந்தை தொடும், வாயில் வைக்கும். படையலுக்கு மூன்று வேண்டும் என்றால் கடைச் சுருட்டே போதாதா? சாமி கோபிக்குமா?

காவிரிக்கரை:
டாக்டர், நான் புகைப்பவன் இல்லை. இழுவை பார்க்க மட்டும் பற்றவைத்தேன். அதையும் இனி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். பற்றவைக்காமல் வாயில் வைத்து இழுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன், நீங்கள் சொன்னபிறகு அதுவும் வேண்டாம். இலையை மாடியில் தனிப் பலகையில் வைத்து, கையுறை போட்டுச் செய்கிறேன். சாமி கோபிக்காது, தெரியும். தாத்தா வைத்த இடத்தில் நான் சுற்றியதை வைக்க வேண்டும், அவ்வளவுதான். விற்கும் எண்ணமும் இல்லை.

மரஅச்சு:
விற்காமல் இருப்பதே நல்லது. இந்தியாவின் 2003 புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி எச்சரிக்கைப் படம் இல்லாமல் விற்க முடியாது.

கொட்டில்வாசி:
கையுறை போட்டால் இலையின் பதம் தெரியாது என்று சொல்ல வந்தேன். டாக்டர் சொன்னதைப் படித்தபிறகு சொல்லவில்லை. மெல்லிய உறையாகப் பாரும். அப்பா வாழ்நாள் முழுக்க வெறுங்கையால் சுற்றினார், சாப்பிட உட்காரும்போதும் விரலில் அந்த மணம் போகாது.

பல்மருத்துவர்:
நன்றி ஐயா. என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும் கையுறைக்குச் சந்தோஷம்.

காவிரிக்கரை:
நேற்று ஒரு வேலை செய்தேன். மீதமிருந்த சுருட்டில் ஆறை எடுத்து, சவர பிளேடால் நீளவாக்கில் இரண்டாகக் கீறிப் பார்த்தேன். நான்கில் நடுநரம்பின் அடித்துண்டு அப்படியே கிடக்கிறது. ஐந்தில் நடுப்பகுதி கயிறு திரித்த மாதிரி முறுகியிருக்கிறது. மேலிலை சுற்றும்போது அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை மட்டும் உருட்டியிருக்கிறேன் போல. ஒன்றில் மட்டும் குழல் குழலாக இருக்கிறது. அதை எப்படிச் சுற்றினேன் என்று நினைவில்லை. அச்சை இப்போதைக்கு வாங்கவில்லை. வரும் ஞாயிறு உள்ளிலை மட்டும் 20 கட்டு கட்டி, மேலிலை சுற்றாமலே கீறிப் பார்க்கப் போகிறேன்.

மரஅச்சு:
கீறியதைப் படம் எடுத்துப் போடுங்கள். ஞாயிறன்று பத்துக் கட்டை வெறுங்கையாலும் பத்தை அச்சிலும் வைத்துப் பாருங்கள். என் அச்சை அனுப்பி வைக்கிறேன், ஆடிக்கு முன்பு திருப்பிக் கொடுத்தால் போதும்.