விழுந்துபோன ஊழியர் கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா?

வியாசை_வாலிபன்: காணிக்கையில் கை வைத்தது ஒரு பாஸ்டர் மேல் நிரூபணமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவர் கையால் முழுக்கு, அதாவது ஞானஸ்நானம், எடுத்தவர்கள் மறுபடி எடுக்கணுமா? எடுக்கணும் என்கிறேன். கர்த்தர் தன்னைவிட்டு விலகினதை அறியாமலே சிம்சோன் எழுந்து உதறினான் (நியாயாதிபதிகள் 16:20). விலகின பிறகு அந்தக் கையில் என்ன இருக்கும்?

ராயபுரம்_கடலோரம்: பிரதர், இது 1,700 வருஷத்துக் கேள்வி. 303-ல் ரோமப் பேரரசர் தியோக்கிளேசியன் தொடங்கிய கிறிஸ்தவர் துன்புறுத்தலில், உயிருக்குப் பயந்து வேதப் பிரதிகளை அதிகாரிகளிடம் ஒப்படைத்த ஆயர்கள் உண்டு. அப்படிச் செய்தவர் என்று குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவர் தலையில் கைவைத்து அபிஷேகம் செய்ய, செசிலியான் என்பவர் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயரானார். அது செல்லாது என்று தொனாத்து என்ற ஆயரின் கட்சியினர் பிரிந்துபோய், தங்களிடம் வந்தவர்களுக்கு மறுமுழுக்கும் கொடுத்தார்கள். 314-ல் ஆர்ல் நகரில் கூடிய ஆயர்கள் சங்கம், தந்தை மகன் தூய ஆவி பெயரால் பெற்றிருந்தால் மறுபடி கொடுக்கக் கூடாது என்றது. யூதாஸ் கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்துவே என்பது பிறகு வந்த வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீனாரின் வாதம். கல் வாய்க்காலில் ஓடினாலும் தண்ணீர் பாத்திக்குப் போய்ச் சேரும் என்றார்.

வியாசை_வாலிபன்: அந்த உவமை எங்க ஏரியாவில் எடுபடாதுங்க. சாக்கடை கலந்த குழாய்த் தண்ணியைக் குடிச்சா வாந்திபேதிதான். "உமது நாமத்தினாலே பிசாசுகளைத் துரத்தினோம்" என்றவர்களிடமே இயேசு "உங்களை அறியவில்லை" என்கிறார் (மத்தேயு 7:22, 23).

வண்ணை_சகோதரி: தம்பி, அந்த வசனம் உங்களுக்கு எதிராத்தான் நிக்குது. பிசாசு போகலைன்னு ஆண்டவர் அங்கே சொல்லலை. அவர்களை அறியலைன்னுதான் சொன்னார். சிம்சோனுக்கும் கடைசி ஜெபத்தில் பலம் திரும்பி வந்ததே.

எண்ணாகமம் 20-ஐ நிதானமா வாசிங்க. கன்மலையைப் பார்த்துப் பேசச் சொல்லி மோசேயிடம் கர்த்தர் சொன்னார். மோசே கோபத்தில் இரண்டுதரம் அடித்தார். தண்ணீர் ஏராளமா வந்தது, ஜனமும் மிருகமும் குடித்தது. அடுத்த வசனத்திலேயே தண்டனை: இந்த ஜனத்தைக் கானானுக்குள் நீ கொண்டுபோக மாட்டாய். நம்ம சபைகளில் தண்ணீர் வந்ததையே மோசேக்கு நற்சான்றா காட்டுறோம். "இவர் ஜெபித்தா சுகமாகுது, கணக்குக் கேக்காதே"ன்னு வாயை அடைக்கிறது இதனாலதான். ஆங்கிலிக்கன் சபையின் விசுவாசக் கோட்பாடான 39 பிரிவுகளில் 26-ம் பிரிவு இரண்டையும் சேர்த்தே சொல்லுது: ஊழியரின் தீமையால் சாக்கிரமெந்து (ஞானஸ்நானம், திருவிருந்து போன்ற திருச்சடங்கு) பயனற்றுப் போகாது, ஆனா அவரை விசாரித்து, குற்றம் உறுதியானா நீக்கணும்.

ராயபுரம்_கடலோரம்: செல்லாமல் போவது வேறு காரணத்தால். தண்ணீர் வேண்டும், வார்த்தை சரியாக வேண்டும். "நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்பதற்குப் பதில் "நாங்கள்" என்று சொன்னால் செல்லாது என்று 2020-ல் வத்திக்கான் தீர்ப்புச் சொன்னது. இன்னொன்று, சாகும் தறுவாயில் இருப்பவருக்குக் குருத்துவத்திலிருந்து நீக்கப்பட்டவர்கூடப் பாவமன்னிப்பு அளிக்கலாம் (கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 976). விசுவாசி தவிக்கக் கூடாது என்பதற்காகவே இந்தச் சட்டம். வியாசை பிரதருக்கு ஒரு கேள்வி: உங்கள் போதனையில் முழுக்கு எடுப்பவரின் விசுவாசம்தானே முக்கியம்? கொடுத்தவரின் பாவம் அதை எப்படிக் கெடுக்கும்?

வியாசை_வாலிபன்: நியாயமான கேள்வி. அப்போஸ்தலர் 19-ல் யோவான்ஸ்நானனின் முழுக்கை மட்டும் பெற்றிருந்த எபேசு சீஷர்கள் மறுபடி எடுத்ததும் அந்த யோவானுடைய நடத்தையால் இல்லை. முழுக்கு விஷயத்தை விட்டுடுறேன். ஆனா மேடை? மூணு மாசம் லீவு, பிறகு "கிருபை"ன்னு திரும்ப மைக் பிடிக்கிறாங்க. பேதுரு பயந்து ஒரு ராத்திரியில் மறுதலித்தான். வருஷக்கணக்கா பொய்க் கணக்கு எழுதறது அதோடு சேராது. புறம்பானவர்களால் நற்சாட்சி வேணும் (1 தீமோத்தேயு 3:7). தெருவில் இருக்கிறவங்க சொல்லாம மேடை கூடாது.

வண்ணை_சகோதரி: அதில் உங்களோட நிக்கிறேன். ஆனா சின்னச் சபைகளில் பிசகு முதல் நாளே ஆரம்பிக்குது. சுவரில் ஒட்டின க்யூஆர் கோடு பாஸ்டரின் சொந்தக் கணக்குக்குப் போகும். மாடி வாடகை, கரண்ட் பில், பிள்ளைகள் ஃபீஸ் எல்லாம் அதிலேயே. கொஞ்ச நாளில் அவராலயே பிரிக்க முடியாது. எருசலேமுக்கான தர்மப் பணத்தைப் பவுலே தனியா எடுத்துப் போகலை, சபைகள் தெரிந்தெடுத்த சகோதரனைக் கூட்டிப்போனார் (2 கொரிந்தியர் 8:19, 20). ஆராதனை முடிந்ததும் பையை அங்கேயே திறந்து, ஒருத்தருக்கொருத்தர் சொந்தமில்லாத இரண்டு பேர் எண்ணி, பதிவேட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, மறுநாளே சபைப் பெயரிலுள்ள கணக்கில் கட்டணும்.

வியாசை_வாலிபன்: சரி சிஸ்டர். உங்களுக்கு மேலே பேராயர் இருக்கார். எந்தப் பேராயருக்கும் கீழே வராத தனிச்சபையில் பாஸ்டரை யார் விசாரிப்பாங்க?

வண்ணை_சகோதரி: பேராயர் இருந்தாலும் எல்லாம் சரியா நடக்கும்னு இல்லை தம்பி. தனிச்சபைன்னா டிரஸ்ட் பத்திரத்திலேயே வெளிச்சபைப் போதகர் இரண்டு பேரை விசாரிக்கிறவங்களா எழுதிடுங்க. பாஸ்டரின் மைத்துனர், மருமகன் வேண்டாம். இரண்டு மூன்று சாட்சிகளோட வர்ற புகாரை அவங்க கட்டாயம் எடுக்கணும் (1 தீமோத்தேயு 5:19). விசாரணை முடியும்வரை செக் புத்தகம் பொருளாளரிடம் இருக்கட்டும்.