ஜவ்வாது மலைக்கு 0 டிகிரி ஸ்லீப்பிங் பேக்கா?

கல்வராயன்:
ஏப்ரலில் ஜவ்வாது மலையில் ஒரு தனியார் தோட்டத்தில் கூடாரம் போட்டுத் தங்கப்போகும் ஒருவர், எந்த ஸ்லீப்பிங் பேக் வாங்கலாம் என்று நேற்றுக் கேட்டிருந்தார். பனிக்கரடி சொன்ன பதில்: "0 டிகிரி குளிர்வரை தாங்கும் பையாக வாங்கிவிடுங்கள், எந்த ஊருக்கும் உதவும். புழுங்கினால் ஜிப்பைத் திறந்துகொள்ளலாம்." இதைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. அந்த மலையில் காவலூர் வானியல் ஆய்வகம் இருக்கும் இடமே 725 மீட்டர்தான். ஏப்ரல் இரவில் 0 டிகிரி யார் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து இறங்கி வரும்? ஜிப்பைத் திறந்துகொள்ளலாமாம்!

பனிக்கரடி:
வழக்கம்போல நான் எழுதியதில் பாதியை வெட்டி ஒட்டியிருக்கிறீர்கள். இன்று ஜவ்வாது போகிறவர் நாளை ஜனவரியில் உதகைக்குப் போவார். அங்கே புல்வெளியில் உறைபனி படிவதை நீங்கள் செய்தித்தாளிலாவது பார்த்திருப்பீர்கள். மலைக்கு ஒரு பை வாங்க எல்லாருக்கும் வசதி இருக்கிறதா? புழுங்கினால் ஜிப்பைத் திறக்கலாம். குளிர்ந்தால், பையில் இல்லாத பஞ்சை எங்கிருந்து கொண்டுவந்து திணிப்பீர்கள்? இமயமலையில் கேதார்காந்தா சிகரத்தில் பனிமேல் படுத்துத் தூங்கியவன் சொல்கிறேன்.

கல்வராயன்:
வந்துவிட்டது கேதார்காந்தா. மூன்றாவது வரியில் வரும் என்று எதிர்பார்த்தேன், கடைசி வரிவரை பொறுமை காத்ததற்கு நன்றி.

ஜிப்புக்கு வாருங்கள். நீங்கள் சொல்லும் 0 டிகிரி பைகள் பெரும்பாலும் மம்மி வடிவம். தோளில் அகன்று காலில் குறுகும். அவற்றில் பலவற்றுக்கு ஜிப் பாதம்வரை போகாது. மேலே எவ்வளவு திறந்தாலும் கால் இரண்டும் உள்ளே வெந்துகொண்டிருக்கும். இதற்குப் பெயர் திறந்துகொள்வதா?

மழைத்துளி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 0 டிகிரி என்றால் எந்த 0? ஸ்லீப்பிங் பேக்குகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 23537 சோதனையில், குளிரைச் சட்டென்று உணரும் ஒரு பெண் சுகமாகத் தூங்கக்கூடிய அளவு ஒன்று. ஓர் ஆண் உடலைச் சுருட்டிக்கொண்டு சமாளிக்கக்கூடிய எல்லை இன்னொன்று. இரண்டுக்கும் இடையே ஐந்தாறு டிகிரி வேறுபாடு வரும். அதுவும் சோதனைப் பொம்மைக்கு முழுக்கை உள்ளாடை போட்டு, கீழே பாய் விரித்து எடுத்த அளவு. நம் கடைகளில் விற்கும் மலிவான பைகள் பலவற்றில் இந்தச் சோதனை நடந்ததற்கான குறிப்பே இருப்பதில்லை. பனிக்கரடி எந்த எண்ணைச் சொல்கிறார்?

பனிக்கரடி:
0 என்றால் 0. உறையின்மேல் கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறது. இங்கே பேச்சு ஜிப் பற்றியது. இரண்டு பக்கமும் ஓடும் ஜிப் என்று ஒன்று இருப்பதைக் கல்வராயன் கேள்விப்பட்டதில்லை போலும். கீழிருந்தும் திறக்கலாம்.

கல்வராயன்:
மழைத்துளி, அதைப் பிறகு பார்க்கலாம்.

இரண்டு பக்கமும் ஓடும் ஜிப்பை நான் கேள்விப்பட்டது மட்டுமல்ல, பழுதும் பார்த்திருக்கிறேன். கீழிருந்து திறந்தால் கால் வெளியே வரும், சரி. முதுகுக்கு அடியில் இருக்கும் பஞ்சை என்ன செய்வீர்கள்? ஜிப் அங்கேயும் ஓடுமா? வியர்வை முழுவதும் உள்ளே இறங்கும். உங்களுடையது வாத்துத் தூவி அடைத்த பை என்று நீங்களே பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். தூவி ஈரமானால் கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும், உப்பாது, எளிதில் காயவும் காயாது. வெப்பமான ஊருக்கு, நீள்சதுர வடிவில், பாலியஸ்டர் பஞ்சு மெல்லியதாக வைத்த பை போதும். ஜிப் மூன்று பக்கமும் ஓடி, முழுவதும் விரித்தால் போர்வையாக வேண்டும். அதுதான் திறப்பது. நீங்கள் சொல்வது ஜன்னலில் ஓட்டை போடுவது.

பழைய பாய்:
பை எதற்கு ஐயா? பவானி ஜமுக்காளத்தை விரி, பருத்திப் போர்வையைப் போர்த்து, படு. நம் முன்னோர்கள் ஜிப் வைத்தா தூங்கினார்கள்?

கல்வராயன்:
முன்னோர்கள் ஜமுக்காளத்தை முதுகில் சுமந்து மலையேறவில்லை, மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். அதன் எடை தெரியுமா உங்களுக்கு? புல்தரையில் அப்படியே விரித்துப் படுத்தால் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலைப் பரப்பும் பூச்சிக்கு நீங்களே விருந்து.

பழைய பாய்:
கூடாரத்துக்குள் விரிக்கச் சொன்னேன். படிக்காமலேயே பதில் எழுதுவது உங்களுக்குப் புதிதல்ல. நான் நெசவாளர் குடும்பம். ஜமுக்காளத்தின் எடையை எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

பனிக்கரடி:
பழைய பாய் அவர்களுக்கு என் முழு ஆதரவு.

பழைய பாய்:
உங்கள் ஆதரவு வேண்டாம். ஏப்ரலில் வாத்துத் தூவிக்குள் படுக்கச் சொல்பவர் நீங்கள்.

நிழல்குடை:
மலையில் இரவு தங்க வனத்துறை அனுமதி வாங்கினாரா? 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் அத்தனை பேரைப் பறிகொடுத்த பிறகும் இங்கே ஜிப் பற்றி விவாதிக்கிறோம்.

கல்வராயன்:
தனியார் தோட்டம் என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன். திசைதிருப்ப வேண்டாம். பனிக்கரடி இன்னும் பதில் சொல்லவில்லை: முதுகுக்கு அடியில் ஜிப் ஓடுமா, ஓடாதா?

மழைத்துளி:
முதுகுக்கு அடியில் பஞ்சு உடல் எடையில் நசுங்கிவிடும், அதனால் அது உடல் வெப்பத்தைப் பெரிதாகத் தக்கவைப்பதில்லை. குளிரைத் தடுப்பது கீழே விரிக்கும் பாய்தான். ஆகவே இந்தக் கேள்வியே...

கல்வராயன்:
மழைத்துளி, நீங்கள் யார் பக்கம்?

பனிக்கரடி:
உண்மையின் பக்கம் இருப்பவரை இப்படித்தான் கேட்பார்கள். பஞ்சு நசுங்குகிறது என்றால் முதுகு வேகாது. ஆக, ஜிப்பைத் திறந்தால் போதும். நான் முதல் நாளே சொன்னது.

கல்வராயன்:
அவர் சொன்னது குளிரைப் பற்றி! வியர்வையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நைலான் துணி முதுகில் ஒட்டுவதற்குப் பஞ்சு உப்பியிருக்க வேண்டிய அவசியமில்லை. சொந்தமாக வாதம் செய்யத் தெரியாமல் அடுத்தவர் வரியை இரவல் வாங்குகிறீர்கள். இரவல் வாங்குவதில் உங்களுக்கு அனுபவம் உண்டு. போன மார்கழியில் என்னிடம் வாங்கிப்போன கேஸ் அடுப்பு எங்கே?

பனிக்கரடி:
பொது இடத்தில் பேசவேண்டிய விஷயமா இது? அந்த அடுப்பில் பாதிப் பணம் என்னுடையது. என் தலைவிளக்கு உங்களிடம் கிடப்பதை நான் எங்கேயாவது எழுதினேனா?

கல்வராயன்:
இப்போது எழுதிவிட்டீர்களே! அந்த விளக்கு எரியவே இல்லை, குப்பையைத் தந்துவிட்டுக் கணக்குக் கேட்கிறீர்கள். அடுப்பு ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்தாக வேண்டும். ஜிப் கேள்விக்கும் பதில் வேண்டும். ஆம், இல்லை, ஒரே சொல்லில்.

பழைய பாய்:
ஜமுக்காளத்துக்கு ஜிப் இல்லை.