பொருள்: மறுமொழி: புங்க இலைப் புடைப்புகளுக்கு ஒரு பொதுச்சொல் – ‘காய்ப்பு’ ஆகுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். வீட்டு நிழல்மரங்களைத் தாக்கும் பூச்சிகளையும் நோய்களையும் இனங்காணும் கையேட்டுக்காகத் தொடங்கிய இந்த இழையில், புங்க இலையில் விரல்நுனி போல எழும் பச்சைப் புடைப்புகளையும், பிற மரங்களில் எழும் இத்தகைய வளர்ச்சிகளையும் (ஆங்கிலத்தில் gall) குறிக்கக் கழலை, முடிச்சு, புடைப்பு, பூச்சிக்காய் என நான்கு சொற்கள் இதுவரை வந்துள்ளன. நான்கிலும் எனக்குத் தயக்கம் உண்டு. காரணத்தைச் சொல்லும் முன், வேண்டிய சொல் எந்தப் பொருளைத் தாங்க வேண்டும் என்று பார்த்துவிடுவோம்.

புடைப்புகள் நிறைந்த புங்க இலை ஒன்றைப் பறித்துத் திருப்பினால், புடைப்பு எழுந்த இடத்துக்கு நேர் மறுபுறத்தில் ஒரு நுண்ணிய வாய் தெரியும். புடைப்பைச் சவர அலகால் நெடுக்காகப் பிளந்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லையின் கீழ் வைத்தால், உள்ளே ஒரு பொள்ளலும், அதன் சுவரில் மெல்லிய மயிர்களும், அவற்றினூடே மிக மெதுவாக நகரும் வெளிறிய துகள்களும் காணப்படும். அத்துகள்கள்தாம் அசேரியா பொங்காமியே என்னும் சிலந்திகள் (வலைபின்னும் சிலந்தி அல்ல, ஆங்கிலத்தில் mite எனப்படும் சிற்றுயிர்). செஞ்சிலந்தி முதலியவற்றுக்கு எட்டுக் கால்கள் இருக்க, இவற்றுக்கு நான்கே கால்கள். ஆனால் அவற்றை எண்ண நுண்ணோக்கி வேண்டும். நாம் கவனிக்க வேண்டியது, அந்தச் சுவரைச் சிலந்தி கட்டவில்லை என்பதே. இளந்தளிரில் சிலந்தி உறிஞ்சத் தொடங்கிய இடத்தில் இலையின் உயிரணுக்களே பெருகி, அதற்கு வீடும் உணவும் ஆகின்றன.

மரத்தடியில் நின்று இதை இனங்காண்பதற்கு நகமே போதும். மாவுப்பூச்சி, செதிள்பூச்சி, முட்டைக்குவியல் ஆகியவை நகத்தால் சுரண்டினால் பெயர்ந்துவிடும்; இது இலையைக் கிழிக்காமல் பெயராது. முற்றிய இலையில் இது புதிதாகத் தோன்றுவதும் இல்லை. ஆகவே, புடைப்பு முழுதாக உருவான பிறகு மருந்து தெளிப்பது பெரும்பாலும் வீண்செலவு, ஏனெனில் சிலந்தி உள்ளே பத்திரமாக இருக்கிறது. இதனால் வளர்ந்த புங்கமரம் சாவதும் இல்லை. மிகுதியாகத் தாக்கப்பட்ட கிளைநுனிகளைக் கழித்து எரித்துவிடுவதே நடைமுறைக்கு உகந்தது. கையேட்டைப் படிப்பவர் இந்த முடிவுக்கு வர நம் சொல் துணைசெய்ய வேண்டும். குறைந்தது, குறுக்கே நிற்காமலாவது இருக்க வேண்டும்.

கழலை என்றவுடன் மருத்துவமனை நினைவுக்கு வருகிறது; மரத்துக்கு ஏதோ தீராத நோய் வந்துவிட்டதென்று வீட்டுக்காரர் கோடரியைத் தேடுவார். முடிச்சு அதைவிடச் சிக்கலானது. புங்கம் அவரைக் குடும்பத்து மரம். அதன் வேரில் ரைசோபியம் என்னும் பாக்டீரியா வாழும் நன்மை தரும் உருண்டைகளைப் பாடநூல்கள் வேர்முண்டு என்றும், வேர்முடிச்சு என்றும் எழுதுகின்றன. வேளாண் துறையினரோ நூற்புழுவால் வரும் வேர்வீக்கத்தை வேர்முடிச்சு என்கின்றனர். முன்னது வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், விரலால் உருட்டினால் உதிரும், பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். பின்னது வேரே பருத்த நிலை என்பதால் தனியே பிரியாது. ஏற்கெனவே இரண்டு பொருளைச் சுமக்கும் சொல்லின் மேல் மூன்றாவதையும் ஏற்றுவது முறையன்று. புடைப்பு என்பதோ வெட்டிய கிளையைச் சுற்றி ஆறிவரும் பட்டையையும் குறிக்கக்கூடிய பொதுச்சொல்; விளக்கத்தில் பயன்படும், பெயராக நில்லாது.

பூச்சிக்காய் என்பதில் பாதியை நான் ஏற்கிறேன். சிலந்தி பூச்சியினம் அன்று என்பது ஒருபுறமிருக்க, ஏழிலைப்பாலையின் இலைகளில் சில்லிட் என்னும் சாறுண்ணியும், கல்யாண முருங்கையில் 2004ஆம் ஆண்டு அறிவியல் பெயர் பெற்ற ஒரு சிறு குளவியும் இத்தகைய வளர்ச்சியை உண்டாக்குகின்றன. தண்டின் அடியில் பாக்டீரியாவும் உண்டாக்குகிறது. செய்பவரைப் பெயரில் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் தேவைப்படும். அதுமட்டுமன்றி, 1998இல் கேரளத்தில் கண்டறியப்பட்டுத் தமிழகத்துக்கும் பரவிய தென்னைச் சிலந்தி, புங்கச் சிலந்தியின் அதே பேரினத்தைச் சேர்ந்தது. அது குரும்பையின் காம்புப் பக்கத்தை மூடியிருக்கும் தொட்டிக்கு அடியில் இருந்துகொண்டு தோலைப் பழுப்பாக்கி வெடிக்கச் செய்கிறதேயன்றிப் புடைப்பை உண்டாக்குவதில்லை. எனவே பெயர், மரம் காட்டும் எதிர்வினையிலிருந்தே வர வேண்டும்.

‘காய்’ என்ற பின்பாதியோ நம் மரபில் உள்ளது. நாட்டுமருந்துக் கடையில் விற்கும் மாசிக்காய், குளவி ஒன்றால் ஓக் மரத்தில் உண்டாவது, காயே அன்று. கடுக்காய்ப்பூ என்று விற்பதும் கடுக்காய் மரத்தின் இலையில் பூச்சியால் எழும் வளர்ச்சிதான், பூ அன்று. கண்ட உருவத்துக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். ஆனால் இதே வழியில் ‘பொய்க்காய்’ என்று ஆக்கினால், முந்திரிப்பழத்துக்கு வழங்கும் பொய்க்கனியோடு மோதும்.

ஆகவே என் முன்மொழிவு ‘காய்ப்பு’. மண்வெட்டி பிடித்த கை காய்த்துப்போகிறது என்கிறோம்; உறுத்துவது வெளியிலிருந்து வருகிறது, தடிப்பதோ நம் தோலேதான். இங்கு நமக்கு வேண்டிய பொருளும் அதுவே. இலைக்காய்ப்பு, தண்டுக்காய்ப்பு, அடித்தண்டுக் காய்ப்பு, காய்ப்புச் சிலந்தி, காய்ப்புக் குளவி எனத் தொடர்கள் இடர்ப்பாடின்றி அமைகின்றன. வேருக்கு மட்டும் வழக்கில் ஊன்றிவிட்ட வேர்முடிச்சையே நூற்புழுவுக்கு ஒதுக்கி, ரைசோபியத்துக்கு வேர்முண்டு என்று வரையறுத்துவிடலாம்.

எதிர்வாதமும் உண்டு. ‘இந்த ஆண்டு மாவில் நல்ல காய்ப்பு’ என்பது விளைச்சலைக் குறிப்பதால், தனித்து நிற்கும் ‘காய்ப்பு’ குழப்பும். உறுப்பின் பெயரோடு சேர்த்தே எழுத வேண்டும் என்பதை விதியாக்க வேண்டியிருக்கும். அப்போதும் பூவில் வருவதைப் பூக்காய்ப்பு என்றால் மயக்கம் தீராது. அதற்கு ‘மொட்டுக்காய்ப்பு’ பொருந்துமா என்று தாவரவியல் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். திசு வளர்ப்பில் உருவாகும் உயிரணுத் திரளை, அதாவது கேலஸ் (callus) என்று ஒலிபெயர்த்து எழுதுவதைக் குறிக்கவே காய்ப்பு கூடுதலாகப் பொருந்தும் என்று ஒருவர் வாதிடலாம். அந்த ஒலிபெயர்ப்பு வகுப்பறையில் நிலைத்துவிட்டதால் அதை இப்போது கிளற வேண்டியதில்லை என்பது என் கருத்து.

நெல்லின் ஆனைக்கொம்பனையும் இந்த வரிசையில் சேர்த்துப் பெயர்மாற்ற வேண்டும் என்ற யோசனைக்கு மட்டும் நான் உடன்படவில்லை. அது உழவர் இட்ட பெயர். பயிரைப் பார்த்ததும் விளங்குவது. கையேட்டில் ‘ஆனைக்கொம்பன் ஈயால் வரும் இலையுறைக் காய்ப்பு’ என்று ஒருமுறை விளக்கிவிட்டு, பிற இடங்களில் ஆனைக்கொம்பன் என்றே எழுதுவோம்.

அன்புடன்,
குழும உறுப்பினர்