சல்ஃபேட் இல்லாத ஷாம்புக்கு மாறியும் முடி வறண்டு போகிறது, ஏன்?

கேள்வி:
எனக்குச் சுருட்டை முடி. உச்சியில் மறுநாளே எண்ணெய் வழியும், நுனியோ வைக்கோல் மாதிரி கிடக்கும். எல்லாரும் ஷாம்புவில் நுரை தந்து அழுக்கை எடுக்கும் சல்ஃபேட்தான் காரணம் என்றார்கள், அதனால் ‘சல்ஃபேட் இல்லை’ என்று பெரிதாகப் போட்டிருந்த ஒரு ஷாம்புக்கு மாறினேன். இரண்டு மாதமாகிறது, ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அலசும்போது ஒரு முடிக்கற்றையை விரலால் உருவினால் கிறீச்சென்று சத்தம் வருகிறது, சாயந்திரத்துக்குள் தலை அரிக்க ஆரம்பித்துவிடுகிறது. மென்மையானது என்று எதைத்தான் நம்புவது?

பதில்:
பாட்டிலின் முன்பக்கத்தை விடுங்கள், பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைப் பாருங்கள். எது அதிகமோ அதுதான் முதலில் வரும், ஆகவே தண்ணீருக்கு அடுத்த இரண்டு மூன்று பெயர்கள்தான் அந்த ஷாம்புவே. அங்கே சோடியம் சி14-16 ஓலிஃபின் சல்ஃபோனேட் இருந்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. அது சல்ஃபேட் இல்லை என்பது உண்மைதான், ஆனால் எண்ணெயை உரித்தெடுப்பதில் சல்ஃபேட்டுக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை.

சல்ஃபேட்டிலும் எல்லாம் ஒன்றில்லை. சோடியம் லாரில் சல்ஃபேட் நிஜமாகவே கடுமையானது, தோல் ஆராய்ச்சியில் வேண்டுமென்றே எரிச்சல் உண்டாக்கிப் பார்க்க அதைத்தான் தடவுவார்கள். லாரெத் சல்ஃபேட் அதைவிடச் சாது. கூடவே கோகமிடோப்ரொபைல் பீட்டேன் என்ற மென்மையான அழுக்கெடுப்பான் நல்ல அளவில் சேர்ந்தால் இன்னும் சாதுவாகிவிடும். காரணம் இதுதான்: அழுக்கெடுக்கும் இந்தப் பொருள்களின் மூலக்கூறுகள் கூட்டமாகச் சேர்ந்து மைசெல் என்ற உருண்டையாகி அழுக்கைத் தூக்கிக்கொண்டு போகும், கூட்டத்தில் சேராமல் தனியாகத் திரிபவைதான் பெரும்பாலும் தோலுக்குள் புகுந்து உறுத்தும். பீட்டேன் சேர்ந்தால் தனியாகத் திரிபவை குறைந்துவிடும். அதனால்தான் ஒரே ஒரு பெயரை வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது, கலவையைப் பார்க்க வேண்டும்.

பதில்:
மேலே சொன்னது அத்தனையும் சரி, ஆனால் மென்மையானதற்குப் போனால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். நான் டெசைல் குளுக்கோசைட் என்ற மென்மையான அழுக்கெடுப்பான் மட்டும் இருந்த ஒன்றுக்குப் போனேன், நுரையே வராது, முதல் மூன்று வாரம் முடி அருமையாக இருந்தது. அப்புறம் பிசுபிசுவென்று ஆகி, சீப்பில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்ட ஆரம்பித்தது. நான் தினமும் போட்ட சீரத்தில் டைமெத்திகோன் இருந்தது, அது தண்ணீரில் கரையாத சிலிகோன், அந்த ஷாம்புவால் அதை முழுதாக எடுக்க முடியவில்லை. இப்போது நான்கு முறைக்கு ஒருமுறை லாரெத் சல்ஃபேட், மற்ற நாளெல்லாம் மென்மையானது. அதுவும் உச்சியில் மட்டும்தான் தேய்ப்பேன், நுனிக்கு வழிந்து போகும் நுரையே போதும். உங்களைப் போல உச்சி எண்ணெய், நுனி வறட்சி என்று இருப்பவர்களுக்கு இது ஷாம்புவை மாற்றுவதைவிட முக்கியம் என்பேன்.

பதில்:
அரிப்பு என்றதால் சொல்கிறேன். எரிச்சல் வேறு, அலர்ஜி வேறு. மென்மையானதுக்கும் அலர்ஜி வரும். பீட்டேனை 2004-லும், குளுக்கோசைட் வகையை 2017-லும் அந்தந்த ஆண்டின் முக்கிய ஒவ்வாமைப் பொருளாக அமெரிக்கத் தொடர்புத் தோல் அழற்சிச் சங்கம் அறிவித்தது. பீட்டேனில் பெரும்பாலும் தயாரிப்பில் மிஞ்சும் கலப்புதான் காரணம். கண்ணிமை, காதுக்குப் பின்னால், கழுத்து என்று நுரை வழியும் இடங்களில் சிவந்து தடித்தால் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் (எது ஒவ்வவில்லை என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) செய்துகொள்ளுங்கள், வீட்டில் ஊகித்துக்கொண்டு பாட்டில் பாட்டிலாக மாற்ற வேண்டாம்.

கேட்டவர்:
எல்லாருக்கும் நன்றி. பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன், தண்ணீருக்கு அடுத்து அதே ஓலிஃபின் சல்ஃபோனேட்! பீட்டேன் வாசனைப் பொருளுக்கும் பின்னால் கிடக்கிறது, அப்படியானால் பெயருக்குத்தான் சேர்த்திருக்கிறார்கள். காது, கழுத்துப் பக்கம் சிவப்பு எதுவும் இல்லை. பீட்டேன் முன்னால் இருக்கும் ஒன்றைத் தேடுகிறேன், கிடைக்கும்வரை இதையே நிறையத் தண்ணீரில் கலக்கி உச்சிக்கு மட்டும் போட்டுப் பார்க்கிறேன்.