2002 எம்எக்ஸ்-5 ஒண்டு, வாங்கலாமோ?

ஹரோக்காரன்:
வயது 46. பிள்ளையள் ரெண்டும் யூனிக்குப் போட்டுதுகள். கூரை திறக்கிற ரெண்டு சீற்றுக் கார் எண்ட பழைய ஆசை திரும்ப எட்டிப் பார்க்குது. 2002 மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.8 எஞ்சின், 92,000 மைல், 1,600 பவுன் கேக்கினம். "மழை ஊரில கூரையைத் திறந்துகொண்டோ?" எண்டு மனுசி சிரிக்கிறா. என்னத்தைப் பார்க்கவேணும்?

கறள்பட்டவன்:
அண்ணை, எஞ்சின் ஓடும். கறள்தான் எமன். கதவுக்குக் கீழ, பின் சில்லுக்குக் கிட்ட விரலால அமத்திப் பாருங்கோ. கூரைத் தண்ணி சீற்றுக்குப் பின்னால இருக்கிற துவாரத்தால இறங்கும். அதில இலை அடைச்சால் தண்ணி நிண்டு இரும்பை உள்ளுக்கிருந்தே தின்னும். 2019இல நானும் பெயின்ற் மினுக்கத்தில மயங்கினன். அடுத்த எம்ஓரிக்கு (கார் ரோட்டில ஓடத் தகுதியோ எண்டு வருசா வருசம் பார்க்கிற சோதனை) ரெண்டு பக்கமும் வெட்டி வெல்டிங் பண்ண 900 பவுன். கார் வாங்கினதே 1,100க்கு!

சும்மா ஒருத்தன்:
நம்பர் பிளேற்றை அரசாங்கத் தளத்தில போட்டால் பழைய எம்ஓரி எல்லாம் இலவசமாத் தெரியும். ஹரோ எண்டால் லண்டனுக்குள்ள, யூலெஸையும் (புகை கூடின காருக்குக் காசு அறவிடுற வலயம்) பாருங்கோ. பெற்றோல் காருக்கு யூரோ 4 புகைத் தரம் வேணும், இல்லாட்டி ஓடுற நாளெல்லாம் 12.50 பவுன்.

ஹரோக்காரன்:
பார்த்தன். போன வருசமே கறள் எண்டு எழுதியிருக்கினம், யூலெசும் சரிவரேல்லை. இனி 2006க்குப் பிறகான மூண்டாவது மொடல்தான் தேடவேணும். மனுசிக்கு இன்னும் சொல்லேல்லை.